சந்தனப் பொட்டு வைத்த சுவிட்ச்

மச்சான்,

நேற்று உங்கள் லாக்கரை நான்தான் திறந்தேன். நீங்கள் போய் நாலு மாதமாகியும் ஃபேக்டரியில் யாரும் அதைத் தொடவில்லை. ஆயுத பூஜைக்கு எல்லா லாக்கரையும் துடைத்துவைக்கச் சொன்ன, தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர், "உங்க அக்கா வீட்டுக்காரரோடது, நீயே திற" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். திறந்ததும் முதலில் வந்தது வாசனைதான். கற்பூரம், சந்தனம், அதற்கு அடியில் தேயிலைத் தூளின் நெடி. உள்ளே உங்கள் கம்பளிக் குல்லாவும் பாதி தீர்ந்த தைல பாட்டிலும் இருந்தன. குல்லாவுக்குள் நாலாக மடித்த ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. அதில் கொஞ்சம் பழைய குங்குமம்.

பொட்டலத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அடுத்த நிமிஷம் உங்கள்மேல் கோபமும் வந்தது. அந்தக் காகிதம் என்னவென்று நம் இரண்டு பேருக்கு மட்டும்தானே தெரியும்? எட்டு வருஷமாக எதற்கு அதைக் குல்லாவில் பொதிந்து வைத்திருந்தீர்கள்?

நான் ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு போடிமெட்டு வழியாக மலையேறி இங்கே வந்தபோது, நீங்கள் ஏற்கெனவே தேயிலைக் கொளுந்தை அரைக்கிற சிடிசி மெஷினில் ஆபரேட்டர். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். அக்காவைக் கட்டிய உரிமையில் முப்பது வயது மூத்தவர்போல நடந்துகொள்வீர்கள். நானோ தற்காலிக எலக்ட்ரீஷியன். ஆனாலும் கரண்ட் என்றால் இந்த மலையில் எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. அந்த நினைப்பைத் தட்டி வைப்பதில் உங்களுக்கு ஒரு தனி சந்தோஷம் இருந்தது.

உங்கள் மெஷின் லேசுப்பட்டதல்ல. பல் வைத்த இரண்டு ரோலர்கள் எதிரும் புதிருமாகச் சுற்றும். வாடிய கொளுந்து நடுவில் விழுந்தால் அந்தப் பக்கம் பச்சைத் தூளாக வரும். கொளுந்தில் ஈரம் அதிகமென்றால் வாய் அடைத்துக்கொள்ளும். அப்போது மூடியைத் தூக்கிக் கையால் இழுத்துவிட வேண்டும். மூடியைத் தூக்கிய உடனே மோட்டார் தானாக நிற்பதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. சரியான சுவிட்சாகப் பார்த்து வாங்கிப் பொருத்துவது என் வேலை. அதை ஏமாற்றுவது தன் வேலை என்று நீங்களாக எடுத்துக்கொண்டீர்கள்.

முதலில் நான் வைத்தது காந்தச் சுவிட்ச். மூடியில் இருக்கும் காந்தம் பக்கத்தில் இருந்தால் மெஷின் ஓடும், விலகினால் நிற்கும். மறுநாளே நீங்கள் வீட்டில் உடைந்து கிடந்த ரேடியோ ஸ்பீக்கரைப் பிரித்து, அதன் காந்தத்தைக் கொண்டுவந்து சுவிட்சின்மேல் ஒட்டிவிட்டீர்கள். மூடி மல்லாந்து கிடக்கிறது, மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

"என்ன மச்சான் இது?"

"ஒவ்வொரு தடவ நின்னதும் அந்தக் கோடியில இருக்க போர்டு வரைக்கும் போயி ஸ்டார்ட் பண்ணிட்டு வரணும் மாப்ள. நான் நடக்கவா, மெஷின ஓட்டவா?"

கத்தினேன். ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தபோது உங்கள் எரிச்சலில் நியாயம் இருப்பது தெரிந்தது. ஸ்டார்ட் பட்டனை மெஷினுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்துக் கொடுத்தேன். அதன் பிறகு நீங்கள் காந்தத்தைத் தேடவில்லை. ஆனாலும் எனக்கு உங்கள்மேல் நம்பிக்கை வரவில்லை. எந்த ஸ்பீக்கரைப் பிரித்தாலும் மசியாத சுவிட்சாக ஒன்று வாங்கினேன். அதில் விரல் நுனி அளவு ஒரு குமிழ் இருக்கும். மூடி மூடியிருக்கும்போது அதன் ஓரம் குமிழை அமுக்கிக்கொண்டிருக்கும், மோட்டார் ஓடும். மூடியைத் தூக்கினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் குமிழை வெளியே தள்ளும், மோட்டார் நிற்கும். இரண்டு ஸ்குரூ, பத்து நிமிஷ வேலை. மூடியை நாலு தடவை தூக்கி இறக்கி, அந்த டிக் சத்தத்தைக் கேட்டுப் பூரித்துப் போனேன். பெட்டிக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. ஐ.டி.ஐ. படித்தவனுக்குத் தாள் எதற்கு? பெட்டியோடு உங்கள் மெஷின் பக்கத்திலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அந்த நாட்களில் உங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மூடியைத் தூக்கியதும் உடனே கையை உள்ளே விடமாட்டீர்கள். ஒரு பிடி கொளுந்தை எடுத்து ரோலர்மேல் வீசுவீர்கள். அது அசையாமல் கிடந்தால்தான் கை உள்ளே போகும். வரிசையாக நாலு மெஷின் ஓடும் இரைச்சலில் நம் மெஷின் நின்றதா இல்லையா என்று காதுக்குத் தெரியாது. வேகமாகச் சுற்றும் ரோலர் கண்ணுக்கும் நின்றதுபோலத்தான் பளபளக்கும். அதனால் கொளுந்திடம்தான் கேட்பீர்கள். "மச்சான் கோழிக்குத் தீனி போடுறாரு" என்று கிண்டல் செய்ததில் நான்தான் முதல் ஆள். "என் சுவிட்ச்மேல அவ்வளவு நம்பிக்கையா?" என்று கேட்டதற்கு, "சுவிட்ச நம்புறேன் மாப்ள, மாட்டுன ஆளத்தான் யோசிக்கிறேன்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்றது.

அந்த வருஷ ஆயுத பூஜை ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கா இருக்காது! ஜீப்பில் போடிக்கு இறங்கி மாலையும் பொரியும் பூசணிக்காயும் வாங்கி வந்தோம். சந்தனம் வழக்கம்போல உங்கள் பொறுப்பு. நீங்கள் வைக்கிற பொட்டெல்லாம் மெஷின் அதிர்கிற அதிர்வில் மறுநாளே பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அது உங்களுக்குப் பெரிய மனக்குறை. அந்த வருஷம் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். தூள் மூட்டையில் லேபிள் ஒட்டுகிற மைதா பசையைச் சந்தனத்தோடு குழைத்தீர்கள்.

"சாமிக்கு வச்ச பொட்டு ரெண்டு நாளாச்சும் நிக்க வேணாமா மாப்ள? இந்த வருசம் விழுதான்னு பாப்போம்."

மோட்டார், பெல்ட், துடைப்பம், என் டெஸ்டர், என் நெற்றி என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தீர்கள். புதுச் சுவிட்சுக்கு மட்டும் கட்டைவிரலால் அள்ளி, குமிழைச் சுற்றி அப்பியே விட்டீர்கள். "புது வரவு, நல்லா தெரியணும்ல." குங்குமம் வைத்துக்கொள்ள ஒரு காகிதம் தேடினீர்கள். அந்தச் சுவிட்ச் பெட்டிக்குள் இருந்த தாள் கைக்கு வந்தது. அதை நாலாக மடித்துப் பொட்டலமாக்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டீர்கள்.

பூஜை முடிந்த மறுநாள் காலையில் கொளுந்தில் ஒரே ஈரம். ஒன்பது மணிக்கெல்லாம் வாய் அடைத்துக்கொண்டது. நான் போர்டு பக்கம் நின்றிருந்தேன். இரைச்சலையும் தாண்டி உங்கள் குரல் கேட்டது.

"மாப்ள! உன் சுவிட்ச் லீவுல இருக்கு!"

சிரித்துக்கொண்டேதான் வந்தேன். வந்து பார்த்தால் மூடி மல்லாந்து கிடக்கிறது. ரோலர் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீங்கள் வீசிய கொளுந்து தூளாகி உங்கள் சட்டையெல்லாம் பச்சை. உங்கள் வலது கை இன்னும் அந்தரத்தில் நின்றிருந்தது. கைக்கும் ரோலருக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. ஸ்டாப் பட்டனை நான்தான் அமுக்கியிருக்க வேண்டும், ஆனால் அமுக்கியது எனக்கு நினைவில்லை. சுவிட்சைப் பார்த்தேன். குமிழ் அமுங்கியது அமுங்கியபடி இருந்தது. அதன்மேல் சந்தனம் கல்லாகக் காய்ந்து கிடந்தது. ஸ்பிரிங்கால் அதைத் தள்ள முடியவில்லை.

துரை வந்தார். மேனேஜரை இந்த எஸ்டேட்டில் இன்னும் அப்படித்தானே சொல்கிறோம். யார் பூசியது என்று கேட்டார். "நாந்தான் சார், மைதா பசை கலந்தேன்" என்று முன்னால் போய் நின்றீர்கள். அவரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, சுவிட்சைச் சரியாகத்தானே பொருத்தியிருக்கிறாய் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "அவன் பக்காவா மாட்டியிருக்கான் சார். நாந்தான் கெடுத்தேன்." உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது. சுவரில் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகை வந்தது: இயந்திரங்களில் சந்தனம், குங்குமம் பூசக் கூடாது.

உண்மையாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நானும் குற்றம் உங்கள் பேரில்தான் என்று நம்பினேன். மனசுக்குள் கொஞ்சம் திட்டவும் செய்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அக்கா உங்களை ஏசிக்கொண்டிருந்தாள். "கையப் போக்கிட்டு வந்திருந்தா யாரு சோறு ஊட்டுறது?" நீங்கள் என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனீர்கள். சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் குங்குமத்தை உள்ளங்கையில் கொட்டிவிட்டுத் தாளை விரித்தீர்கள்.

"இதுல ரெண்டு பொம்ம போட்டிருக்கான் பாரு. ஒண்ணுக்கு டிக்கு, ஒண்ணுக்குப் பெருக்கல் குறி. பெருக்கல் போட்டது நீ மாட்டுன மாதிரியே இல்ல?"

குங்குமக் கறைக்கு நடுவில் படம் தெளிவாக இருந்தது. மூடியை மூடும்போது குமிழ் அமுங்குவது தப்பு. மூடியைத் திறக்கும்போதுதான் குமிழ் அமுங்க வேண்டும். திறக்கிற கையின் பலமே குமிழைத் தள்ளி, உள்ளே இருக்கும் மின்தொடர்பைப் பிரிக்க வேண்டும். நான் ஒரு சின்ன ஸ்பிரிங்கை நம்பி உங்கள் கையை விட்டிருக்கிறேன். நான் மாட்டிய விதத்தில் சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் மெஷின் நிற்காது. சரியாக மாட்டியிருந்தால், ஒட்டிக்கொண்டாலும் மெஷின்தான் ஓடாது, கைக்கு ஒன்றும் ஆகாது. சந்தனம் இல்லாவிட்டாலும் கொளுந்துச் சாறு என்றாவது ஒரு நாள் அதே வேலையைச் செய்திருக்கும்.

"எப்பப் பாத்தீங்க இத?"

"காலையிலயே. துரை வர்றதுக்கு முன்னாடி."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"உனக்குப் பெர்மனென்ட் ஆர்டர் இந்த மாசம் வரணும்ல? சாமி கும்பிட்டவன ஒண்ணும் செய்ய மாட்டாங்க மாப்ள. தப்பா மாட்டுனவன மலைய விட்டே எறக்கிருவாங்க. அழுவாத, மூக்கத் தொடச்சுக்க. நாளைக்கு அந்த வாயில கை விடப்போறது நாந்தான். மொதல்ல அத மாத்து."

மாற்றினேன். மூடியின் கீல் பக்கத்தில் வளைவாக ஒரு தகடு வைத்தேன். மூடி கொஞ்சம் எழும்பினாலே தகடு சுற்றிவந்து குமிழை அமுக்கும். சுவிட்ச் நகராமல் இருக்க இரும்புப் பின் அடித்தேன். மூடி வந்து சுவிட்சில் மோதாமல் இருக்கத் தனியாக ஒரு தடுப்பும் வைத்தேன். நீங்கள் மிச்சமிருந்த மைதாச் சந்தனத்தை ஒரு டப்பாவில் கொண்டுவந்து, குமிழைச் சுற்றி அப்பி, காய்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்து பீடிகூடப் பற்றவைக்காமல் பொரி தின்றீர்கள். பிறகு மெஷினை ஓட்டி மூடியைத் தூக்கினோம். சந்தனம் படக்கென்று உடைந்து விழுந்தது. மோட்டார் நின்றது. நீங்கள் கொளுந்தை வீசினீர்கள். அது கிடந்தது. "இப்ப மாட்டுன ஆளையும் நம்பலாம்போல" என்றீர்கள். என் பெர்மனென்ட் ஆர்டர் வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

இது வரைக்கும் நம் கதையில் சிரிக்க இடமிருக்கிறது. அதற்குப் பிறகு நான் செய்ததில்தான் இல்லை. சொல்லாமல் விட்டேன். முதல் வருஷம் பயம், அடுத்த வருஷம் கூச்சம், அதற்குப் பிறகு பழகிவிட்டது. மற்ற மூன்று மெஷின்களிலும் சுவிட்சை ஒவ்வொன்றாக மாற்றிப் பொருத்தினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. உங்களுக்கு மட்டும் "மைதா அண்ணன்" என்ற பேர் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு பூஜைக்கும் பொட்டு வைக்க முடியாதவர்கள் உங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அக்கா வருஷம் தவறாமல் ஏசுவாள். நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுச் சோற்றைப் பிசைவீர்கள். ஜூன் மழையில் நெஞ்சுவலி வந்து நீங்கள் போன அன்று, சுடுகாட்டில் யாரோ பிரியமாகத்தான் சொன்னார்கள்: "மைதா அண்ணன் மாதிரி ஒரு மனுசன் உண்டா, ஒரே ஒரு தப்புதான் பண்ணினாரு." அந்தத் தப்பு என்னுடையது. கட்டையில் நீங்கள் படுத்திருந்தீர்கள், நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தேன்.

அதனால்தான் நேற்று பொட்டலத்தைப் பார்த்ததும் நேரே அக்காவிடம் போனேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தாளை விரித்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு பீன்ஸ் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"எட்டு வருசமா அந்த மனுசன ஏசிருக்கேன். நீ பக்கத்துல உக்காந்து என் கையால தின்னுக்கிட்டுக் கேட்டிருக்க."

"ஆமாக்கா."

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? ஃபேக்டரியில எல்லாரு முன்னாடியும் சொல்லு. சொல்லிட்டுச் சாப்பிட வா."

நேற்று இரவு நான் பட்டினி, மச்சான். உங்கள் பெண்டாட்டி சொன்னால் சொன்னதுதான்.

இன்று காலை பூஜைக்கு எல்லோரும் கூடியிருந்தபோது சொன்னேன். இப்போதைய துரை புது ஆள், உங்களைச் சரியாகத் தெரியாது. தாளை வாங்கிப் பார்த்தார். அவர் விரலெல்லாம் குங்குமம். "அன்னிக்கு அவர் வேலை போயிருந்தா நீ என்ன செஞ்சிருப்பே?" என்று கேட்டார். தெரியாது என்றேன். எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார். அதன்மேல் என்ன நடவடிக்கை வரும் என்று பிறகு சொல்வாராம். வரட்டும். பிறகு சுவரைப் பார்த்து, "அப்போ அந்தப் பலகைக்கு இங்க என்ன வேலை?" என்றார். டீமேக்கரே ஸ்டூலைப் போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினார். பின்பக்கத்தைத் திருப்பினால் பலகை மாட்டிய வருஷம் தொடங்கி வருஷத்துக்கு ஒன்றாக எட்டுச் சந்தனப் பொட்டு! மைதா கலந்ததுதான், ஒன்றுகூட உதிரவில்லை. அது யார் வேலை என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. மொத்த ஃபேக்டரியும் சிரித்தது, அக்காவும்.

ஆமாம், அக்கா வந்திருந்தாள். கையில் ஒரு கிண்ணம். வீட்டிலிருந்து மைதா காய்ச்சிச் சந்தனம் குழைத்துக் கொண்டுவந்திருந்தாள். உங்கள் மெஷின் சுவிட்சில் அவளே பொட்டு வைத்தாள். நீங்கள் வைப்பதைப்போலவே கட்டைவிரலால், அள்ளி. பூஜை, பொரி, பூசணிக்காய் எல்லாம் முடிந்து, மெஷினைச் சும்மா ஒரு சுற்று ஓட்டுகிற நேரத்துக்குள் அது கல்லாகியிருந்தது.

இந்தக் கடிதத்தை உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாள் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. குங்குமத்தைக் கொட்டவில்லை. துவைக்கப் போட்டால் சட்டை வீணாகும், அக்கா ஏசுவாள். ஏசட்டும், இனிமேல் அது என் முறை. நாளை வெளிவேலையாக வண்டன்மேட்டில் ஒரு ஏலக்காய் தரம் பிரிக்கிற மெஷினுக்குச் சுவிட்ச் பார்க்கப் போகிறேன். எதை வாங்குவது என்று யோசிக்கும் முன்னால் அதை ஓட்டுகிற ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து, எதற்கெல்லாம் எரிச்சல் வருகிறது என்று கேட்பேன். மாட்டி முடித்ததும் மைதாச் சந்தனம் அப்பிப் பார்ப்பேன்.

பொட்டு காய்ந்த பிறகு நடந்ததை இன்னும் சொல்லவில்லை. மெஷினை ஓட்டினேன் மச்சான். நல்ல வேகம் எடுத்ததும் அக்காவையே மூடியைத் தூக்கச் சொன்னேன். சந்தனம் படக்கென்று தெறித்தது. மோட்டார் அடங்கியது. ரோலர் சுற்றி ஓய்கிறவரை பொறுத்தோம்.

"நின்னுருச்சா?" என்றாள்.

"நின்னுருச்சுக்கா."

"நீ சொன்னா ஆச்சா?" என்று கூடையிலிருந்து ஒரு பிடி கொளுந்தை அள்ளி உள்ளே வீசினாள். எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

கொளுந்து விழுந்த இடத்திலேயே கிடந்தது.